பள்ளி ஆசிரியருக்காக மோட்சார்ட் எழுதிய பாட்டு

கண்டியில் நம் பாடகர் குழுவில் இருந்த எவரும் 'ஆவே வேரும் கோர்புஸ்' பாட்டை மறந்திருக்க மாட்டோம். 1791 யூன் 17 என்று அதில் தேதியிட்ட மோட்சார்ட், அதே ஆண்டு டிசெம்பர் 5இல், 35 வயதில் காலமானார்.

வியன்னாவுக்கு அருகே பாடன் என்னும் வெந்நீரூற்று நகரில் அவருடைய கர்ப்பிணி மனைவி சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். அவருக்குத் தங்குமிடம் பார்த்துத் தரும்படி மோட்சார்ட் கேட்டுக்கொண்டது அன்ரன் ஸ்ரொல் என்பவரிடம். அவர் பள்ளி ஆசிரியர். ஆலயப் பாடகர் குழுவை நடத்தியவர். பாட்டு அவருக்காகவே எழுதப்பட்டது. அரசவைக்கல்ல, சிற்றூர்ப் பாடகர்களுக்கு!

மொத்தம் 46 'பார்', மூன்று நிமிடமளவே. தொடக்கத்தில் ஒரு குறிப்பு: தாழ்ந்த குரலில். நமக்கு அதுதான் பெரும்பாடு. உரத்துப் பாட யாருக்குத்தான் வராது?

நான்கு குரல்களுக்கான பாட்டு. ஆண்குரல் வரிகளை நமக்காக ஓர்கன் வாசித்தது. சைவப் பிள்ளைகளும் பௌத்தப் பிள்ளைகளும் இலத்தீன் சொற்களைத் தத்தம் எழுத்தில் எழுதிவைத்துப் பாடினோம். ஓல்ரோ பாடியவர்களுக்கு முழு மெட்டுத் தெரியாது, நடுவரி மட்டுந்தான்.

1983க்குப் பின் லண்டன், ரொறன்ரோ என்று சிதறியபோது அவரவர் வரியை மட்டுமே கொண்டுபோனோம். விழாவுக்கு வருவோர் பழைய தாள்கள் இருந்தால் எடுத்து வாருங்கள்.