முத்துக்குளித்துறையில் ஒரு கைமணி



வீடு சந்திக்க வரும்போதெல்லாம் தாய்மார்கள் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு. "சாமி, பள்ளிக்கூடம், டியூஷன், பரீட்சை, கைபேசி என்று பிள்ளைகள் அலைகிறார்கள். ஜெபம் சொல்லிக் கொடுக்க நேரம் எங்கே? காலம் கெட்டுக் கிடக்கிறதே!" காலம் கெட்டுக் கிடப்பது இன்றைக்கு மட்டுமல்ல. நம் முன்னோர் எந்த நிலையில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை இந்த யூபிலி மலரில் சற்று நினைவுகூர விரும்புகிறேன்.

புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆயினும் சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை பாடம். கேட்டதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. தாம் போக முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு ஜெபம் சொல்ல அந்தச் சிறுவர்களையே அனுப்பினார். அவர் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இவற்றையெல்லாம் விவரிக்கிறார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் நேர்ந்தது. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்! தவறு தெரிந்ததும் அதைத் திருத்தும்படி 1544-ல் தம் உடன் ஊழியரான மன்சிலாஸ் என்பவருக்குச் சவேரியார் எழுதினார். தாமே சொல்லிக் கொடுத்ததைத் தவறு என்று ஒப்புக்கொள்ள அவர் கூசவில்லை. நமக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதே என்று தயங்கும் பெற்றோர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அதே 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வடுகப் படையினர் குமரிமுனைப் பகுதி ஊர்களைத் தாக்கினர். மக்கள் வீடு வாசலை விட்டோடிக் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஒதுங்கினர். பசியாலும் தாகத்தாலும் சிலர் அங்கேயே மாண்டனர். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளுடன் சவேரியார் புறப்பட்டார், எதிர்க்காற்று விடவில்லை. இறுதியில் தரைவழியே நடந்து போனார். 'மன அழுத்தம்' என்று இன்று நாம் சொல்வதை அந்தப் பாறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் உங்கள் கஷ்டத்தைச் சிறிது என்று நான் சொல்ல மாட்டேன். விடிந்தால் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன வழி என்று ஏங்கும் வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும்.

உபதேசியார்களுக்குச் சம்பளம் வேண்டுமல்லவா? போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. சவேரியார் அதைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளின் ஞானோபதேசத்துக்குத் திருப்பிவிட்டார்.

அவருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கரையில் உழைத்து, 1600-ல் புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட ஞானோபதேச நூல். மறு ஆண்டு கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்', சிறுவர்களுக்குக் கற்பிக்கவென்றே வினா விடையாகப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதப்பட்ட நூலின் தமிழாக்கம். தமிழ் எழுத்து அச்சேறிய தொடக்க நாட்களிலேயே ஞானோபதேசமும் அச்சேறியது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். சேசு சபைக் குருக்கள் நகரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பால்தேயுஸ் என்னும் டச்சுப் போதகர் மக்களைத் தம் சபைக்குத் திருப்ப முயன்று பார்த்தார். அவர்கள் அசையவில்லை. பாட்டன் பாட்டி சிறுவயதில் கைமணி கேட்டு ஓடிவந்து கற்றதைப் பேரப்பிள்ளைகள் வீட்டிலேயே கற்றிருந்தார்கள்.

ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளைகள் வரவில்லை என்று நான் பீடத்தில் நின்று கடிந்துகொண்டதுண்டு. வீட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இந்த யூபிலி ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்காகக் கோவில் மணி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். டியூஷன் முடிந்து பிள்ளைகள் தாமதமாக வரும் வீடுகளில் எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளே ஜெபத்தைத் தொடங்கட்டும்.