நடமாட இயலாதோரை இடர்க்காலத்தில் வெளியேற்றுதல்: ஏர்வாடி முதல் எண்ணூர் வரை

தீ, வெள்ளம், நச்சுவாயுக் கசிவு போன்ற இடர்களின்போது தாமாக நடந்தோ படி இறங்கியோ வெளியேற முடியாதவர்களைக் கட்டடத்திலிருந்து பாதுகாப்பாகக் கொண்டுவருவது, பேரிடர் மேலாண்மையில் தனியாகக் கற்க வேண்டிய ஒரு பகுதியாகும். சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் மட்டும் இதில் அடங்குவதில்லை. முதியோர், பக்கவாதம் வந்தவர்கள், கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்கள் ஆகியோரும் இதில் வருவர். இன்று ஒரு வீட்டில் இப்படி யாரும் இல்லாமல் இருக்கலாம். அடுத்த மாதம் குளியலறையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அந்த வீடும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் இது குறித்த விதிகள் உருவான வரலாறு பெரும்பாலும் விபத்துகளின் வரலாறாகவே இருக்கிறது.

ஏர்வாடி, 2001

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை என்பதால் தீ சில நிமிடங்களில் பரவியது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர்.

மனநோய் ஒருவரின் கால்களை முடக்குவதில்லை. அந்த அதிகாலையில் அவர்களை நடக்க முடியாதவர்களாக ஆக்கியது சங்கிலி. தீ பிடித்தால் அதை யார் அவிழ்ப்பார், சாவி எங்கே இருக்கும் என்ற கேள்விகளை அதற்கு முன் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த விபத்துக்குப் பின் ஏர்வாடியில் இருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளிகளை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டது. அதற்கு 16 ஆண்டுகள் ஆயின.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. மாடிப்படி அகலமும் மாற்றுவழியும் கவனிக்கப்பட்டன. ஆனால் மாற்றுத்திறனாளி மாணவர்கள் பொதுப் பள்ளிகளில் பெருமளவில் சேரத் தொடங்கிய பிறகும், சாய்தளம் என்பது பல பள்ளிகளில் தரைத்தளத்தோடு நின்றுவிடுகிறது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் இருந்தால் அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றிவிடுவது, எந்தக் கருவியும் வாங்காமல் ஒரு தலைமையாசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய பாதுகாப்பு ஏற்பாடு.

மருத்துவமனைகளும் மின்தூக்கியும்

நடக்க முடியாதவர்கள் ஒரே கூரையின்கீழ் அதிகம் பேர் இருக்கும் இடம் மருத்துவமனை. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தாகுரியா பகுதியில் உள்ள தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தொடங்கிய தீயில் சுமார் 90 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள். தீ அவர்களைத் தொடவில்லை. கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் புகை மேலே ஏறி மூச்சை அடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த இளம் செவிலியர் இருவர், பல நோயாளிகளை வெளியே கொண்டுவந்துவிட்டு மீண்டும் உள்ளே சென்றபோது உயிரிழந்தனர்.

தமிழ்நாட்டுக்கு அண்மைக்கால உதாரணம் திண்டுக்கல். 2024 டிசம்பர் 12 இரவு, எலும்பு முறிவுச் சிகிச்சைக்கான தனியார் மருத்துவமனை ஒன்றின் தரைத்தளத்தில் தீப்பிடித்தது. கட்டுப் போட்ட கால்களுடன் மேல்தளங்களில் இருந்தவர்களைத் தீயணைப்பு வீரர்களும் பொதுமக்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் தூக்கி வந்தனர். இருந்தும் ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தனர். அவர்கள் மின்தூக்கிக்குள் மயங்கிய நிலையில் காணப்பட்டனர்.

தீயின்போது மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை எல்லாக் கட்டடங்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் அது இரு தளங்களுக்கு நடுவே நின்றுவிடும். அது ஏறி இறங்கும் குழியோ புகைபோக்கி போலப் புகையை மேலே இழுக்கும். எச்சரிக்கை சரியானதே. ஆனால் படி இறங்க முடியாதவர் வேறு எதைப் பயன்படுத்துவது என்பதை அந்த அறிவிப்பு சொல்வதில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, உயரமான கட்டடங்களில் தீயணைப்பு வீரர்களின் கட்டுப்பாட்டில் இயங்கும் தனி மின்தூக்கி. மற்றொன்று, 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் மீட்புக்குழு வரும்வரை தங்கியிருப்பதற்கான புகலிடப் பகுதி. மருத்துவமனைகளில் நோயாளியை உடனே கீழே இறக்காமல், அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிச் செல்வது முதல் படி. படிக்கட்டு அதற்குப் பின்புதான்.

திருவொற்றியூர், எர்ணாவூர், அத்திப்பட்டு வட்டாரத்தின் பெரும்பாலான வீடுகளும் பள்ளிகளும் கடைகளும் இந்த உயர வரம்புக்குள் வருவதில்லை. இரண்டு மாடி, மூன்று மாடி, ஓர் ஒடுங்கிய படிக்கட்டு, அதில் நிறுத்திய சைக்கிள், வாசலில் இரண்டு பைக். அங்கே ஆளை ஆள்தான் தூக்க வேண்டும்.

தூக்கும் முறைகள்

ஆளைத் தூக்கிப் படியில் இறங்குவது தமிழர்களுக்குப் புதிதன்று. சோளிங்கர் மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏற முடியாத பக்தர்களை டோலியில் வைத்துத் தூக்கிச் சென்றனர். சாலை இல்லாத மலைக்கிராமங்களில் நோயாளிகள் இன்றும் டோலியில்தான் இறங்குகின்றனர். வடசென்னைத் துறைமுகப் பகுதியின் தொழிலாளர்களுக்கு இன்னொன்றும் பழக்கம்: கப்பலின் ஆழமான அறைகளிலிருந்து காயமுற்றவரை மேலே எடுக்க, உடலைச் சுற்றி வாரால் இறுக்கும் நீல் ராபர்ட்சன் தூக்குப்படுக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படைக்காக உருவானது அது.

கட்டடங்களுக்கென்று வந்தது வெளியேற்று நாற்காலி. இதன் பின்புறமுள்ள பட்டைகள் படிகளின் விளிம்பைப் பற்றி வழுக்கிச் செல்வதால், ஒருவரே இன்னொருவரைக் கட்டுப்பாட்டோடு கீழே இறக்க முடியும். இதன் பயன் நியூயார்க்கில் தெரிந்தது. உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபோது, சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் வெளியே வரப் பல மணி நேரம் ஆனது. அதன்பின் அங்கு இந்த நாற்காலிகள் வாங்கி வைக்கப்பட்டன. 2001 செப்டம்பர் 11 அன்று, 69ஆவது தளத்தில் பணியாற்றிய, கைகால் செயலிழந்த ஒருவரைச் சக ஊழியர்கள் பத்துப் பேர் அந்த நாற்காலியில் வைத்து மாற்றி மாற்றி இறக்கினர். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அவர் வெளியே வந்தார். சற்று நேரத்தில் கோபுரம் சரிந்தது. அதே கோபுரத்தின் 27ஆவது தளத்தில் சக்கர நாற்காலியில் இருந்த இன்னொருவர் உதவிக்காகக் காத்திருந்தார். அவரை விட்டுப் போக மறுத்த நண்பரும் அவரோடு இறந்தார்.

நாற்காலி இல்லாத இடத்தில், கைப்பிடியுள்ள உறுதியான சாதாரண நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பை வேட்டியாலோ சேலையாலோ நாற்காலியோடு கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து இறக்கலாம். புகை சூழ்ந்திருந்தால் போர்வையில் படுக்கவைத்துத் தரையோடு இழுப்பது நல்லது. புகை தரைக்கருகில் குறைவாக இருக்கும். எப்படித் தூக்கினால் வலிக்காது என்பதைத் தூக்கப்படுபவரிடமே கேட்க வேண்டும். அவருக்குத்தான் அது தெரியும். பேட்டரியில் இயங்கும் சக்கர நாற்காலியை ஆளோடு சேர்த்துத் தூக்க முயலக் கூடாது. அது மிகவும் கனமானது.

எண்ணூரின் நள்ளிரவு

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விழித்தெழுந்து, குழந்தைகளையும் முதியவர்களையும் இழுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

வாயுக் கசிவு தீயிலிருந்து வேறுபட்டது. எரியும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஆனால் வாயு பரவும் தெருவில் ஓடுபவர் அதையே அதிகம் சுவாசிக்கிறார். 1984இல் போபாலில் பலருக்கு இதுதான் நடந்தது. வேகமாக விலக முடியாதவரை வாயு வரும் திசையில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, சன்னல் கதவுகளை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகி, மூக்கில் ஈரத்துணியோடு உள்ளறையில் வைத்திருப்பது பல வேளைகளில் பாதுகாப்பானது. அம்மோனியா நீரில் எளிதில் கரையும் என்பதால் ஈரத்துணி உதவும். எப்போது உள்ளே இருக்க வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியது ஆலைச் சங்கும் அதையடுத்து வரும் அறிவிப்பும்தான்.

போபாலுக்குப் பின் வந்த 1989, 1996ஆம் ஆண்டுகளின் விதிகள், ஆபத்தான ஆலைகளுக்கு வெளியே வாழும் மக்களுக்கும் அவசரத் திட்டம் இருக்க வேண்டும் என்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 8ஆம் பிரிவில், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்திருந்து, ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டும் ஒரே மேசையில் சேர்ந்தால்தான் பயன். கொசத்தலையாற்றுக்கு வடக்கே, அனல்மின் நிலையத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் அருகில் இருக்கும் அத்திப்பட்டு போன்ற ஊருக்கு மாவட்ட அளவிலான எண்ணிக்கை போதாது. எந்தத் தெரு, எந்தக் கதவெண், எத்தனையாவது மாடி, படுத்த படுக்கையா அல்லது ஊன்றுகோலோடு நடப்பவரா, தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பது வரை அந்தப் பதிவேடு இறங்கி வர வேண்டும். தூக்க வரும் அண்டைவீட்டாரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஷிப்டு முறையில் வேலைக்குப் போகும் ஊர் என்பதால், பகலுக்கு ஒரு பெயர், இரவுக்கு ஒரு பெயர்.