ஊவாத் தோட்டங்களும் ஒளியின் அளவும்

செடிக்கு ஒளி வேண்டும் என்பதை யாவரும் அறிவர். எவ்வளவு வேண்டும் என்பதே வினா. மூடிய அறையிற் செடி வளர்ப்போர் குழல்விளக்கைத் தெரிந்தெடுக்கையில் எதிர்கொள்ளும் இவ்வினாவை, ஊவாவின் பெருந்தோட்டங்கள் நூறாண்டுகளுக்கு மேலாக வெயிலையும் நிழலையும் கொண்டு தீர்க்க முயன்று வந்துள்ளன.

கோப்பிக் காலத்தில் மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. திறந்த சரிவுகளில் ஒரே பயிர் பரந்தது. 1869இல் மடுல்சீமையில் தோன்றிய இலைத்துரு நோய் காற்றில் எளிதிற் பரவியது. 1880களின் தொடக்கத்தில் அதனை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், ஒரே பயிரின் இடையறாப் பரப்பே நோய்க்கு வழிவகுத்தது எனக் காட்டினார்.

பின்வந்த தேயிலைக்கு முருக்கும் கிரெவிலியாவும் நிழல் தந்தன. 1946இல் கொப்புள நோய் இலங்கையை அடைந்தது. ஈரநிழல் அதனை வளர்ப்பதால் பல தோட்டங்களில் நிழல்மரங்கள் குறைக்கப்பட்டன. ஆயின் மேற்குச் சரிவின் மழைமலைகளுக்குப் பொருந்தும் முறை, ஆடி, ஆவணியில் வறள்காற்று வீசும் பதுளை, பசறைப் பகுதிகளுக்கு அப்படியே பொருந்துமா? ஈண்டு நிழல் குன்றின் செடி வாடும் இடர் மிகும். கொழுந்து பறிப்பவள் முதுகில் வெயிலும் ஏறும்.

நாற்றுமேடையில் ஓரிலைத் துண்டத்தை நட்டுப் பன்னத்தழையால் மறைத்து, வேர் பிடித்தபின் சிறிது சிறிதாகத் தழையை நீக்கி வெயிலுக்குப் பழக்குவர். இதனைக் கையறிவால் நிறைவேற்றியோர் தொழிலாளரே. அவர்தம் லயன் அறைகளோ போதிய சாளரமின்றி இருண்டிருந்தன. செடிக்கு ஒளியை அளந்தவர்கள் மனிதருக்கு அளக்க மறந்தனர். தோட்ட வரலாறு எழுதப் புகுவோர் இவ்விரு கணக்கையும் ஒருங்கே எழுதுதல் வேண்டும்.