யாழ்முரியும் மின் கிற்றாரும்

விநாயகப் பெருமான் திருவருளால் மலரும் இம்மலருக்கு எழுதப் பணித்த விழாக் குழுவினர், நம் இளைஞரும் விரும்பிப் படிக்கும் பொருளாக இருக்க வேண்டும் என்றனர். ஆலய வரலாறு அடியார் அறிந்ததே. ஆதலால் தமிழ்நாட்டுக் கிற்றார்க் கலைஞர் ஆர். பிரசன்னாவை எடுத்துக்கொண்டேன். ரொக் கிற்றாரின் பெருங்கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1968இல் தந்த இசைத்தட்டு 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்'. அவர் நினைவாக 2006இல் தாம் வெளியிட்ட இறுவட்டுக்குப் பிரசன்னா இட்ட பெயர் 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்'. ஆனைமுகன் திருநாமம் அங்கும் ஒலிக்கிறது.

இக்கலைஞரின் அருமையை உணரப் பெரியபுராணத்துக்குச் செல்ல வேண்டும். சம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்களை யாழில் இசைத்து உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், பதிகத்தின் பெருமைக்கு யாழே காரணம் என்றனர். உளம் நடுங்கிய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருள வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் பின்தொடர முடியவில்லை. கருவியை உடைக்க ஓங்கிய பாணரைத் தடுத்து, இயன்ற அளவு இசைக்குமாறு அருளினார். அப்பதிகமே யாழ்முரி.

யாழ் ஏன் தோற்றது? நம் நாடு ஈன்ற விபுலாநந்த அடிகள் 1947இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றிய 'யாழ் நூல்' பழந்தமிழ் யாழின் உறுப்பையும் நரம்பையும் விரித்துரைக்கிறது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். சுரங்களுக்கிடையே குழைந்தோடும் கமகம் மிடற்றுக்கு எளிது. தனித்தனி நரம்புக்கு அரிது. கிற்றாரிலும் மெட்டுகள் சுரங்களைக் கூறுபோட்டே நிற்கின்றன. நரம்பின் மேல் விரலை வழுக்கியும், பக்கவாட்டில் இழுத்தும் அத்தடையைக் கடக்கிறார் பிரசன்னா. ஹென்ட்ரிக்ஸ் நரம்பை இழுத்து அழவைத்த வித்தையும் இதற்கு உறவே. பிரசன்னாவுக்கு முன்னரே சுகுமார் பிரசாத் மின் கிற்றாரில் கர்நாடக இசை வாசித்தார் என்பதையும் நன்றியுடன் பதிகிறேன்.

1970இல் இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற் பொறியியலும், பொஸ்டனின் பெர்க்லி கல்லூரியில் இசையும் கற்றவர். கர்நாடக இசையைத் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் கலைஞர் ஏ. கன்னியாகுமரியிடமும் பயின்றார். ரொக்கில் தொடங்கிய விரல்கள் இளையராஜா, ரஹ்மான் இசையிலும் ஒலித்தன. பியானோக் கலைஞர் விஜய் ஐயர், தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவுடன் 'தீர்த்தா' என்ற மூவர் குழுவிலும் வாசித்தார். 2009இல் ஒஸ்கார் பெற்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசையமைத்தவரும் இவரே.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் திருவிழா இரவுகளை நடத்தும் இசைக்குழுத் தம்பிமாரே! சினிமாப் பாட்டோடு ஒரு வர்ணத்தையும், யாழ்முரியான 'மாதர் மடப்பிடி' பதிகத்தையும் கிற்றாரில் பழகுங்கள். ஆலய பரிபாலன சபையார் தேர்த் திருவிழா மாலையில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித்தர வேண்டுகிறேன்.