பட்டம் எந்த வீட்டுப் பெண்ணுக்கு? இந்திய அழகிப் போட்டியின் சமூக வரலாறு

இந்திய அழகிப் போட்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1994இலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவ்வாண்டு மே மாதம் மணிலாவில் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியானார். நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் ஐஸ்வர்யா ராய் உலக அழகியானார். 1991இன் தாராளமயக் கொள்கை, செயற்கைக்கோள் தொலைக்காட்சி, இந்தியச் சந்தைக்குள் நுழைந்த ஒப்பனைப் பொருள் நிறுவனங்கள் ஆகியவற்றைக் கொண்டு இவ்வெற்றிகளை விளக்குவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. 1996இல் பெங்களூருவில் நடந்த உலக அழகிப் போட்டியைப் பற்றி ரூபல் ஓஸா எழுதிய கட்டுரையும், மிஸ் இந்தியா பயிற்சியை அருகிருந்து கண்டு சூசன் டூயி 2008இல் வெளியிட்ட நூலும் இந்த நோக்கில் முக்கியமானவை. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், உலகப் பட்டங்கள் இந்தியாவுக்கு ஏன் வந்தன என்பதற்குச் சந்தையில் விடை கிடைக்கலாம். அவற்றைச் சூடிய பெண்கள் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பதற்குக் கிடைக்காது. இந்தக் கேள்வியை 1947இலிருந்து கேட்டுக்கொண்டு வந்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. பெரும்பான்மைச் சமூகத்து நடுத்தர வர்க்கம் தன் மகளை மேடையேற்றக் கூசிய காலத்தில் அம்மேடையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் சிறுபான்மையினரும் கலப்புக் குடும்பத்தினருமே. கூச்சம் விலகிய பிறகு அதே நடுத்தர வர்க்கம் மேடையைத் தனதாக்கிக்கொண்டது.

விடுதலை பெற்ற ஆண்டிலேயே மிஸ் இந்தியா பட்டம் பெற்றவர் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். கல்கத்தாவின் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்து, பிரமிளா என்ற பெயரில் இந்திப் படங்களில் நடித்தவர். பின்னாளில் படத் தயாரிப்பாளர். பட்டம் பெற்றபோதே அவர் புகழ்பெற்ற நடிகை, முப்பதை எட்டியவர், பிள்ளைகளின் தாய். இதே பிரமிளாவைத்தான் பம்பாய் அரசு பாகிஸ்தானின் உளவாளி என்று சந்தேகித்துக் கைது செய்தது. படத் தொழில் காரணமாக அவர் அடிக்கடி அங்கே போய்வந்தார் என்பது பிறகு தெளிவாயிற்று. ஒரு நாட்டின் பெயரையே பட்டமாகப் பெற்றவர் அந்நாட்டுக்கு அயலாராகச் சந்தேகிக்கப்பட்டதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டம் அவருக்குக் குடியுரிமையின் உறுதியைத் தரவில்லை. அவருடைய மகள் நக்கி ஜஹான் 1967இல் மிஸ் இந்தியா ஆனார்.

அடுத்தவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர். தாய் ராகினி தேவி இந்திய நடனத்தைத் தன் வாழ்வாகக் கொண்ட அமெரிக்கப் பெண்மணி. தந்தை ராம்லால் பாஜ்பாய் வட இந்தியர். பந்தநல்லூர் மரபில் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்ற இந்திராணி, பதின்ம வயதிலேயே கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானை மணந்தார். 1952இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த முதல் பிரபஞ்ச அழகிப் போட்டியில் இந்தியாவின் சார்பில் நின்றபோது அவர் ஒரு குழந்தையின் தாய். பிறகு உலகெங்கும் பரதமும் ஒடிசியும் ஆடி, 1969இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இந்திராணியின் வாழ்வில் இரண்டு மேடைகள் ஒன்றாக வந்து சேர்கின்றன. தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பரதத்தின் முன்வடிவான சதிராட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குலத்துப் பெண்கள் இழிவு சுமந்தார்கள். ருக்மிணி தேவி 1935இல் பிரம்மஞான சபையில் அரங்கேறிய பிறகு, அந்த இழிவு கழுவப்பட்ட நாட்டியம் மேல்சாதி வீட்டுப் பெண்களின் கலையாக மாறியது. அழகிப் போட்டியிலும் இதே நகர்வு சில பத்தாண்டுகள் தாழ்த்தி நடந்தது என்பது என் வாதம். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சதிரைக் காத்தவர்களின் வாழ்வாதாரத்தைச் சட்டமே பறித்தது. அழகி மேடையிலிருந்து எவரையும் சட்டம் விரட்டவில்லை. மேடை யாருக்கு இழிவு, எப்போது அது பெருமையாகிறது, அப்போது அங்கே யார் வந்து நிற்கிறார்கள் என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொது.

போட்டி ஆண்டுதோறும் நிலைபெற்றது பத்திரிகைகளால்தான். பம்பாயிலிருந்து வந்த இரண்டு ஆங்கிலப் பெண்கள் இதழ்களான ஈவ்ஸ் வீக்லியும், டைம்ஸ் குழுமம் 1959இல் தொடங்கிய ஃபெமினாவும் தனித்தனியே அழகிகளைத் தேர்ந்தெடுத்தன. ஆக, அறுபதுகளில் ஒரே நாட்டுக்கு ஒரே ஆண்டில் இரண்டு அழகிகள். அரசுக்கு இதில் பங்கில்லை. 1964இல் ஃபெமினாவின் முதல் அழகி மெஹர் மிஸ்திரி, மறு ஆண்டு பெர்சிஸ் கம்பாட்டா, இருவரும் பார்சிகள். ஈவ்ஸ் வீக்லியின் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த குல்ஷன் யூயிங்கும் பார்சியே. அவ்விதழ் 1966இல் லண்டனுக்கு அனுப்பிய ரீட்டா ஃபாரியா, கோவாக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவ மாணவி. இரவல் உடைகளோடு போய், உலக அழகிப் பட்டம் வென்ற முதல் ஆசியப் பெண்ணாகத் திரும்பினார். வென்ற பிறகுதான் நாடு அவரைக் கவனித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடிகர் பாப் ஹோப்பின் குழுவோடு வியட்நாமுக்குப் போய் அமெரிக்கப் படையினரைச் சந்தித்தபோது இங்கே கண்டனம் எழுந்தது. ஓராண்டு முடிந்ததும் அவர் மருத்துவத்துக்கே திரும்பிவிட்டார்.

ஏன் இந்தச் சமூகங்கள்? ஊமைப் படங்களின் கதாநாயகிகளை நினைவுகூர்ந்தால் விடை புலப்படும். சுலோச்சனா என்ற ரூபி மையர்ஸ், பேஷன்ஸ் கூப்பர், சீதா தேவி என்ற ரெனே ஸ்மித் ஆகியோர் யூத, ஆங்கிலோ-இந்தியப் பெண்கள். துறைமுக நகரங்களில் ஆங்கிலக் கல்வி பெற்று, அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் வேலைக்குப் போன பெண்கள் இச்சமூகங்களில் முன்னரே இருந்தார்கள். கவுன் அணிவதும் அந்நிய ஆடவரோடு பேசுவதும் அங்கே குலமானத்தைக் குலைக்கவில்லை. 1952இல் அழகிப் பட்டம் பெற்ற நூதன் மராத்தி இந்துக் குடும்பத்தவராயிற்றே என்று கேட்கலாம். அவர் நடிகை ஷோபனா சமர்த்தின் மகள். திரைக் குடும்பம் என்பதால் அந்த வீடும் நடுத்தர வர்க்க ஒழுக்கத்தின் வேலிக்கு வெளியேதான் இருந்தது.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 1994இல் புதிதாக நடந்தது எது என்பது விளங்கும். சுஷ்மிதாவின் தந்தை விமானப் படை அதிகாரி. 1999இல் குல் பனாக், 2000இல் லாரா தத்தாவும் பிரியங்கா சோப்ராவும், 2001இல் செலினா ஜெய்ட்லி, 2002இல் நேஹா தூபியா என அடுத்தடுத்து வந்தவர்களும் முப்படைக் குடும்பங்களின் மகள்கள். கன்டோன்மென்ட் வாழ்க்கை, ஊர்விட்டு ஊர் மாறும் பள்ளிகள், அதிகாரிகள் மன்றத்து விருந்துகள் எல்லாம் சேர்ந்து, முன்பு பம்பாய்ப் பார்சிக் குடும்பங்களுக்கு இருந்த பழக்கவழக்கங்களைப் பெரும்பான்மைச் சமூகத்தின் ஒரு பகுதிக்கும் தந்திருந்தன. அதோடு, நாட்டுப்பற்றை ஐயுற முடியாத வீடுகள் அவை. பிரமிளாவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது. இந்த மாற்றம் முழுமையானதல்ல: 1997இல் உலக அழகியான டயானா ஹைடன் ஹைதராபாத்தின் ஆங்கிலோ-இந்தியப் பெண்; பழைய கிளை பட்டுவிடவில்லை.

சந்தையே முதற்காரணம் என்பாருக்கு ஒரு சிறு சான்றையும் காட்ட வேண்டும். 1994 மிஸ் இந்தியா மேடையில் தான் அணிந்த கவுன் டெல்லி சரோஜினி நகரில் வாங்கிய துணியில் அக்கம்பக்கத்துத் தையற்காரர் தைத்தது என்று சுஷ்மிதாவே சொல்லியிருக்கிறார். ஆடை வடிவமைப்பாளர், உடற்பயிற்சியாளர், தோல் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எனப் பட்டாளமே அழகியைச் சூழும் முறை அந்த வெற்றிக்குப் பிறகே விரிவடைந்தது. துணிந்த குடும்பங்களைப் பின்தொடர்ந்துதான் பெருமுதல் வந்தது.

மேடைக்கு வந்த பெண்ணின் நிலையும் இதனோடு மாறியது. பிரமிளாவும் இந்திராணியும் சொந்தத் தொழிலும் குடும்பமும் உடைய, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத பெண்கள். பின்னாளில் விதி மணமாகாதவரை மட்டுமே ஏற்றது. செய்திகள் பெற்றோரைப் பக்கத்தில் நிறுத்தியே அழகியைக் காட்டின. மணமானோருக்கான தடையைப் பிரபஞ்ச அழகிப் போட்டி நீக்கியது 2023இல்தான். அழகி மகளாக்கப்பட்டதை இந்த வரலாற்றின் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். 1996இல் பெங்களூருவில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எழுந்த எதிர்ப்பை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இடதுசாரிப் பெண்கள் அமைப்புகள் பெண்ணுடல் விற்பனைப் பொருளாவதை எதிர்த்தன. இந்துத்துவ அமைப்புகள் பண்பாடு கெடுவதாகக் கொதித்தன. நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து உயிர்விட்டார். ரீட்டா ஃபாரியா நீச்சலுடையில் நின்று வென்றபோது இப்படியொரு கொந்தளிப்பு எழுந்ததில்லை. முப்பதாண்டுகளில் அந்த மேடையில் நிற்பவள் தங்கள் வீட்டுப் பெண் என்று பலரும் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். கோபத்தின் அளவு அந்த உரிமையுணர்விலிருந்து பிறந்தது.

2017முதல் ஃபெமினா மாநிலந்தோறும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இறுதிச் சுற்றுக்கு அழைக்கிறது. மறு ஆண்டே திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ், சென்னை லயோலா கல்லூரி மாணவியாக இருந்தபோது, பட்டம் வென்றார். 2023இல் ராஜஸ்தானின் கோட்டாவிலிருந்தும் 2024இல் உஜ்ஜயினியிலிருந்தும் அழகிகள் வந்தார்கள். பம்பாயையும் கன்டோன்மென்ட்டையும் கடந்து போட்டி பிற நகரங்களுக்கு வந்திருப்பது உண்மை. ஆனால் 2019இல் இறுதிச் சுற்றுக்கு வந்த முப்பது பேரின் படங்களும் செய்தித்தாளில் ஒன்றாக வெளியானபோது, அத்தனை மாநிலங்களும் ஒரே வெளிர்நிறத்தில், ஒரே கூந்தலமைப்பில் தோன்றின; அதைப் பலரும் கடிந்தார்கள். ஊர்கள் பெருகியதால் வீடுகளின் வகையும் பெருகியதா என்பதை வென்றவர்களின் பட்டியலை மட்டும் வைத்து அறிய முடியாது. அடுத்த ஆய்வு மாநிலத் தேர்வுகளில் கழித்துவிடப்பட்ட பெண்களிடமிருந்து தொடங்க வேண்டும்.