கூட ஒரு ஆள்: சென்னை மருத்துவமனைகளும் செவிலியர் எண்ணிக்கையும்

நொச்சிக்குப்பத்தில் ஒருவர் நோயுற்றால், கையில் பணமில்லாத குடும்பத்திற்குப் போக இரண்டு திசைகள் உண்டு. மேற்கே ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. பிள்ளைப்பேறு என்றால் கடற்கரையை ஒட்டி வடக்கே சென்று, இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் கோஷா ஆஸ்பத்திரி. இரண்டிற்கும் எழுதப்பட்ட வரலாறு இருக்கிறது. ராயப்பேட்டை மருத்துவமனை 1911இல் தொடங்கியது. காலா அசார் நோயின் கிருமியைக் கண்டறிந்த சார்லஸ் டோனவன் அதன் முதல் கண்காணிப்பாளர். கோஷா ஆஸ்பத்திரியை 1885இல் தொடங்கியவர் மேரி ஷார்லீப். சேப்பாக்கத்துக் கட்டடத்திற்கு வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். மருத்துவரையும் வள்ளலையும் வரலாறு மறக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அந்த வார்டுகளில் விழித்திருந்தவர் யார், எத்தனை பேர், என்ன சம்பளத்திற்கு என்று கேட்டால்தான் ஏடுகள் மௌனமாகிவிடுகின்றன.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சங்க அகப்பாடல்களில் வரும் செவிலி, தலைவியைப் பெறாமல் வளர்த்தவள். உடன்போக்கில் மகள் போன பிறகு சுரத்து வழியே தேடிச் செல்பவளாகவும் அவளைப் பாடியிருக்கிறார்கள். இந்தச் சொல்லைத்தான் இருபதாம் நூற்றாண்டில் நாம் 'நர்ஸ்' என்பதற்கு நேராக எடுத்துவைத்துக்கொண்டோம். ஈழத்தில் அதற்குத் தாதி என்ற சொல் நிலைத்துவிட்டது. வளர்ப்புத் தாயின் பெயரை ஒரு தொழிலுக்குச் சூட்டுவதில் அழகு இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. தாய் கூலி கேட்பதில்லை, நேரம் பார்ப்பதில்லை என்ற எதிர்பார்ப்பும் பெயரோடு சேர்ந்தே வந்துவிட்டது. இந்தச் சொல்லெல்லாம் அரசாணைக்குத்தான் என்பது வேறு விஷயம். ராயப்பேட்டை வார்டில் யாரும் 'செவிலியரே' என்று அழைப்பதில்லை. 'சிஸ்டர்' என்றுதான் அழைக்கிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவமனையின் வார்டு சிஸ்டரும் கன்னிமாடத்துச் சகோதரியும் ஒன்றாகக் கலந்த சொல் அது.

சென்னைக்கு இதில் நெடிய முன்வரலாறு உண்டு. கோட்டைக்குள் 1664இல் தொடங்கிய ஆஸ்பத்திரியே பின்னாளில் பொது மருத்துவமனையாயிற்று. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் வந்தது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு 1854இல் அரசு ஒப்புதல் தந்தது. 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பள்ளி திறக்கப்பட்டது. ஆறு மாதப் பயிற்சி, நான்கு மாணவியர் என்று செவிலியர் பாடநூல்கள் எழுதுகின்றன. அந்த நால்வரின் பெயர்களை அவை சொல்வதில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். ஷார்லீப், வைட், பீல், மிட்செல் என்று நால்வரின் பெயர்களும் நமக்குத் தெரியும். ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலம், இரு பக்கமும் நால்வர். மருத்துவருக்கும் செவிலியருக்கும் இடையேயான தூரம் தொடக்கத்திலேயே அளந்து வைக்கப்பட்டுவிட்டது என்றே தோன்றுகிறது.

அந்தப் பள்ளிகளுக்கு யார் வந்தார்கள்? பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்தவப் பெண்களும். பிறர் உடலின் மலத்தையும் இரத்தத்தையும் தொடும் வேலையைத் தீட்டு என்று விலக்கிய சமூகத்தில் வேறு யாரும் எளிதில் முன்வரவில்லை. கோஷா ஆஸ்பத்திரியின் முதற்பெயரையே பாருங்கள்: விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனை. ஆண் மருத்துவரிடம் வர மறுத்த சாதி இந்துப் பெண்களும் கோஷா காத்த முஸ்லிம் பெண்களும் நோயாளிகளாக வருவதற்கென்றே அது கட்டப்பட்டது. படுக்கையில் கிடப்பவருக்குச் சாதி ஒரு தகுதி. படுக்கையைச் சுத்தம் செய்பவருக்கோ அதே சாதி ஒரு தடை. 1921இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று கடலோரக் குப்பத்துப் பெண்கள் பிள்ளை பெறும் இடத்தின் பெயர்ப்பலகையில் ஒரு காலத்தில் இப்படி எழுதியிருந்தது என்பதை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதில்லை.

மொழியையும் ஒரு வரி சொல்லிக் கடக்கலாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பிரசவ வைத்தியத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார். சென்னையின் செவிலியர் கல்வியோ ஆங்கிலத்திலேயே நடந்தது, இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். நோயாளியிடம் தமிழில் பேசி, குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதுவது செவிலியரின் அன்றாட மொழிபெயர்ப்பு வேலை. அதை யாரும் பணிச்சுமையில் சேர்த்துக்கொள்வதில்லை.

சென்னை மாகாணத்தின் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926இல் வந்தது. பதிவுக் கழகம் கண்ட முதல் மாகாணம் இது என்று சொல்வார்கள். வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை 1946இல் செவிலியருக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் வெளியான போர் குழு அறிக்கைதான் முதன்முறையாக நாட்டின் கணக்கைக் கூட்டிப் பார்த்தது. இந்தியா முழுமைக்கும் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். மருத்துவர்களோ 47,500 பேர். அதாவது ஒரு செவிலியருக்கு ஏழு மருத்துவர்கள் வரை! உலகெங்கும் நேர்மாறாக இருக்க வேண்டிய விகிதம் இது. 1971க்குள் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் செவிலியர் வேண்டும் என்று குழு சொன்னது. அந்த ஆண்டு வந்தது, போயிற்று.

இந்திய அளவில் அமைந்த குழுக்களில் சென்னைக்காரர் தலைமையேற்ற ஒன்றும் உண்டு. 1987இல் மத்திய அரசு அமைத்த செவிலியர் உயர்நிலைக் குழுவின் தலைவர் சரோஜினி வரதப்பன். முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள் என்று மட்டுமே பலர் அவரை அறிவார்கள். வாரத்திற்கு நாற்பது மணிநேர வேலை, கூடுதல் நேரத்திற்கு ஈடு, வாரவிடுப்பு ஆகியவற்றைக் கேட்டது அந்தக் குழு. வார்டில் பொருள் உடைந்தாலும் தொலைந்தாலும் செவிலியரைப் பொறுப்பாக்கும் வழக்கத்தையும் அது எதிர்த்தது. உடைந்த தெர்மாமீட்டருக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்வார்களோ என்று அஞ்சிக்கொண்டே நோயாளியைப் பார்ப்பது எப்படி என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். கணக்கைத் தாண்டிச் சென்று இதைப் பேசுவதால்தான் பேச்சு எல்லாம் 'தியாகம்', 'சேவை' என்று முடிந்துவிடுகிறது. போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், விடுப்புக்கென முப்பது விழுக்காடு கூடுதல் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். கேட்கத் தாராளமாக இருக்கிறது. முப்பது படுக்கை உள்ள வார்டுக்கு ஆறுக்கு ஒன்று என்று ஐந்து பணியிடம் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு மூன்று முறைப்பணி, வாரத்திற்கு இருபத்தொன்று. ஐந்து பேரும் வாரத்திற்கு ஆறு நாள் வந்தால் கிடைப்பது முப்பது முறைப்பணி. ஆக ஒரு நேரத்தில் வார்டில் இருப்பவர் சராசரியாக ஒன்றரைக்கும் குறைவு. ஒருவர் பேறுகால விடுப்பில் போனால், இன்னொருவரை அறுவை அரங்குக்கு அனுப்பினால், இரவில் முப்பது பேருக்கு ஒரே ஒருவர். காகிதத்தில் அப்போதும் விகிதம் ஆறுக்கு ஒன்றுதான். பணியிட எண்ணிக்கையையும் படுக்கையருகே நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் ஒன்றெனக் காட்டுவதில்தான் நிர்வாகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

அமெரிக்காவில் லிண்டா ஐக்கனும் அவரது குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உயிர்க்கணக்கில் விடை சொன்னது. அறுவை சிகிச்சை பெற்றோரிடையே, ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு விழுக்காடு உயர்வதை அவர்கள் கண்டார்கள். கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் வார்டுதோறும் விகிதத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே விகிதம் என்றால் அந்த நேரத்தில் அந்த வார்டில் நிற்பவர் எண்ணிக்கை.

நம் ஊரில் குறைகிற ஆளை நிரப்புபவர் யார்? சேர்க்கும்போதே காதில் விழும் வாக்கியம் நமக்குத் தெரியும்: 'கூட ஒரு ஆள் இருக்கணும்.' அந்த ஆள்தான் குளுக்கோஸ் பாட்டில் தீர்கிறதா என்று பார்க்கிறார், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கிறார், ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிறார், இரவில் பாயை விரித்துக் கட்டிலுக்கடியில் தலைசாய்க்கிறார். வரவுசெலவுத் திட்டத்தில் இவருக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது. நொச்சிக்குப்பத்தில் அந்த ஆள் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருப்பார். அவர் லூப் சாலையோரம் மீன் விற்கும் பெண்ணாக இருந்தால், மாமியார் வார்டில் கிடக்கும் பத்து நாளும் கூடை இறங்காது, வட்டிக்கு வாங்கிய முதல் அப்படியே நிற்கும். இலவச மருத்துவம் என்று நாம் பெருமையோடு சொல்வதன் விலையில் ஒரு பங்கு இப்படித்தான் கட்டப்படுகிறது. செவிலியர் பற்றாக்குறை செவிலியரின் குறை என்று மட்டும் எண்ணிவிட முடியாது என்பதற்கே இதைச் சொல்கிறோம்.

2000களில் தமிழ்நாடு ஒரு பெரிய காரியம் செய்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களை இருபத்துநான்கு மணிநேரமும் திறந்துவைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று செவிலியரை முறைப்பணியில் அமர்த்தியது. மாநிலத்தில் மருத்துவமனைப் பிரசவங்கள் 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 99.6 விழுக்காட்டை எட்டியதில் இந்தச் செவிலியர்க்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அவர்களை எடுத்தது ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் அமைந்த பிறகு, 2015இல் போட்டித் தேர்வு எழுதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்வானார்கள். அவர்களுக்கும் தொகுப்பூதியமே. இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள், இரண்டு ஆண்டு கழிந்தும் மாதம் 7,700 ரூபாயில் நின்றார்கள்.

2017 நவம்பர் இறுதியில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து அமர்ந்தார்கள். மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர், பலர் கைக்குழந்தையோடு. சென்னை உயர்நீதிமன்றம் போராட்டத்திற்குத் தடை விதித்தது. நோயாளிகள் தவிக்கக்கூடாது என்பது காரணம். காரணத்தில் பிழையில்லை. ஆனால் ஒரு வேலை நின்றால் உயிர் போகும் என்று நீதிமன்றமே ஒப்புக்கொள்ளும்போது, அந்த வேலையின் விலை நாளொன்றுக்கு இருநூற்றைம்பது ரூபாய் சொச்சம்தானா என்ற கேள்வியும் உடன் எழுகிறது. போராட்டம் சில நாளில் முடிந்தது. ஊதியம் பிறகு படிப்படியாக உயர்ந்தது. நிரந்தரமாக்குவது காலியிடம் விழுவதைப் பொறுத்தது என்ற விதி மாறவில்லை.

தனியார் பக்கம் நிலைமை இன்னும் சங்கடமானது. 2012இல் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு அவர்கள் கேட்டது, சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒப்பந்தமுறையை ஒழிக்க வேண்டும் என்பதை. கல்விக்கடன் வாங்கிப் படித்த பெண்ணின் மூலச் சான்றிதழ் அலமாரியில் பூட்டியிருந்தால் அவள் வளைகுடாவுக்கும் போக முடியாது, அடுத்த தெரு மருத்துவமனைக்கும் போக முடியாது. உச்சநீதிமன்றம் 2016 ஜனவரியில் தலையிட்ட பிறகு மத்திய அரசின் வல்லுநர் குழு ஓர் அளவு வகுத்தது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம். நூறு முதல் இருநூறு என்றால் அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடாது. ஐம்பது முதல் நூறு என்றால் இருபத்தைந்து. ஐம்பதுக்கும் கீழே என்றாலும் இருபதாயிரம் ரூபாய். பரிந்துரைதான், நடைமுறையை மாநிலங்களிடம் விட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'அரசுக்கு நிகர்' என்று தனியாருக்கு அளவுகோல் வகுத்தபோது, தமிழ்நாட்டு அரசின் ஒப்பந்தச் செவிலியர் அந்தக் கடைசிப் படிக்கும் வெகு கீழே நின்றுகொண்டிருந்தார்கள்.

பிறகு கொரோனா வந்தது. 2020இல் அவசரமாக ஒப்பந்தச் செவிலியர் எடுக்கப்பட்டார்கள். மொட்டைமாடிகளிலிருந்து கைதட்டினோம், விளக்கேற்றினோம். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. புத்தாண்டு பிறந்தபோது அவர்கள் போராட்டப் பந்தலில் இருந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் மாற்றுப்பணி தருவதாக அரசு அறிவித்தது. அதுவும் ஒப்பந்தப் பணியே. மறு ஆண்டில், 1947ஆம் ஆண்டின் செவிலியர் குழுமச் சட்டத்தை நீக்கி, தேசியச் செவிலியர் ஆணையத்திற்கான புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கல்வித்தரம், பதிவேடு, தேர்வு பற்றியெல்லாம் அதில் விரிவாக உண்டு. ஒரு வார்டில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதற்குக் கலிபோர்னியாவில் இருப்பதுபோன்ற ஒரு பிரிவு அதில் இல்லை.