பாதிக் கோணம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வடக்கு பார்த்து ரெண்டு போட்டோ எடுத்தேன். போன் காட்டிய திசை 350 பாகை, 10 பாகை. சராசரி போட்டா 180, தெற்கு! முப்பரிமாண உருவங்களின் திருப்பங்களைக் கலக்கும்போதும் இதே கூத்துதான்.

இந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த 1840இல், ஒலாந்த் ரொட்ரிக் என்ற பிரெஞ்சு வங்கிக்காரர் சுழற்சிகளைச் சேர்க்கப் பாதிக் கோணத்தில் சூத்திரம் எழுதினார். ஹாமில்டனின் குவாட்டர்னியன் வந்தது 1843இல். பேர் என்னவோ ஹாமில்டனுக்குத்தான்.

1985இல் கென் ஷூமேக் அதை அனிமேஷனுக்குக் கொண்டுவந்தார். ரெண்டு நிலைக்கு நடுவே சீராகத் திரும்பலாம். மூணு, நாலு என்றால் சிக்கல்: இரண்டிரண்டாகக் கலந்தால் வரிசையைப் பொறுத்து விடை மாறும். பாதிக் கோணம் என்பதால் ஒரே நிலைக்குக் கூட்டல் குறியோடு ஒன்று, கழித்தல் குறியோடு ஒன்று என இரண்டு குவாட்டர்னியன். அப்படியே கூட்டினால் பூஜ்யம். 2007இல் மார்க்லி குழு ஒவ்வொன்றையும் தன்னோடே பெருக்கி 4×4 அணியாக்கிக் கூட்டியது. கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல்தானே!